ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஒரு ஆன்டெனா: சிமுலேஷனில் விடுதிறனைக் கொடுக்கும் முறை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை அளந்து அனுப்பும் சென்சார் ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 2.45 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனா, அதாவது சர்க்யூட் போர்டின் மேல் தட்டையான செம்புத் துண்டாக அமையும் ஆன்டெனா, வேண்டும். மின்காந்த அலைகளைக் கணினியில் கணக்கிடும் இலவச மென்பொருளான ஓபன்இஎம்எஸ்-இல் போட்டுப் பார்க்கலாம். வடிவத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், போர்டின் ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டு, ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இசைகிறது என்று சொல்லும் எண்) தவறினால் எல்லாம் தவறும்.

முதல் கணக்கைத் தாளிலேயே போடுங்கள். வெற்றிடத்துக்கு ஒப்புமை விடுதிறன் 1, காற்றுக்கும் ஏறக்குறைய அதுவே, கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த வழக்கமான எஃப்ஆர்-4 போர்டுக்குச் சுமார் 4.4. அலைநீளம் இதன் வர்க்கமூலத்தால் வகுபடும். வெளியில் 122 மில்லிமீட்டர் இருக்கும் அலை போர்டுக்குள் 58 ஆகச் சுருங்கும். அதில் பாதி, 29 மில்லிமீட்டர், பேட்சின் தோராய நீளம்.

அடுத்து, மென்பொருளில் போர்டின் பொருளை உருவாக்குங்கள். எப்சிலான், அதாவது ஒப்புமை விடுதிறன், 4.4. பக்கத்திலேயே கப்பா என்று ஒன்று கேட்கும், அது மின்கடத்துதிறன். டேட்டாஷீட்டில் இருக்கும் இழப்பு எண் (லாஸ் டேன்ஜென்ட்) 0.02-ஐ அப்படியே அங்கே போடக் கூடாது. 2 பை × அதிர்வெண் × வெற்றிட விடுதிறன் (ஒப்புமை எண்ணான 1 அல்ல, மீட்டருக்கு 8.854 × 10⁻¹² ஃபாரட்) × 4.4 × 0.02 என்று பெருக்கினால் மீட்டருக்குச் சுமார் 0.012 சீமென்ஸ் வரும். அதைக் கொடுங்கள்.

மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாக வெட்டும் வலையை, போர்டுக்குள் இருக்கும் அலைநீளத்தை வைத்துப் பிரியுங்கள்: 58-இல் இருபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டர் தடிமனுக்குள் மட்டும் நான்கு அடுக்காவது வேண்டும்.

சரி, இப்போது ஓட்டலாம். ஆனால் ஒரு தடவை ஓட்டி நிறுத்தாதீர்கள். எஃப்ஆர்-4 ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் மாறும். 4.2, 4.4, 4.6 என மூன்றுக்கும் ஓட்டுங்கள். 0.2 மாறினாலே ஒத்ததிர்வு, அதாவது ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண், சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் நகரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் இது பெரிய நகர்வு.

அப்புறம் பனிமூட்டம். காற்றில் மிதக்கும் துளிகள் மிகக் குறைவான நீர்தான். காற்றின் விடுதிறனை அவை அசைக்காது என்றே சொல்லலாம். பெட்டி மூடியில் படியும் நீர்தான் கவலை. நீரின் விடுதிறன் இந்த அதிர்வெண்ணில் சுமார் 78! மூடிமேல் அரை மில்லிமீட்டர் படலம் வரைந்து, எப்சிலான் 78, கப்பா 1.3 கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். ஒத்ததிர்வு கீழே இறங்கும். பட்டைக்கு வெளியே போய்விட்டால் பேட்சைத் திருத்த வேண்டாம், ஏனெனில் வெயில் வந்ததும் படலம் காய்ந்துவிடும். மூடிக்கும் பேட்சுக்கும் உள்ள காற்றிடைவெளியைக் கூட்டி, ஈரத்துக்கும் உலர்வுக்கும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.