ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒரு பக்கம் மட்டும் குறுகலாகத் திரும்பினால்: ரேக்கை நடுவில் நிறுத்தும் முறை

1959-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டு கார் 25 அடி (7.6 மீட்டர்) வட்டத்தில் திரும்பிவிடும். லண்டன் டாக்சிக்கு விதித்த அளவும் அதே 25 அடிதான். அதே ஆண்டு வந்த மினி உருவத்தில் சிறியது, ஆனால் அதற்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டும். மினியின் முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால் அவற்றை ஓரளவுக்கு மேல் ஒடிக்க முடியாது. ஹெரால்டில் அந்தத் தொல்லை இல்லை. அதன் இந்திய வடிவமாக 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இதே ரேக் அண்டு பினியன் அமைப்புதான்: ஸ்டியரிங்கைத் திருப்பினால் பினியன் என்ற பல்சக்கரம், ரேக் என்ற பல்தண்டைப் பக்கவாட்டில் நகர்த்தும்.

வண்டி வலப்பக்கம் சட்டென்று திரும்பி, இடப்பக்கம் மட்டும் ரிவர்ஸ் கேட்கிறதா? உடனே ரேக்கை மாற்றக் கிளம்பாதீர்கள். ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறதென்று யாராவது, ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடை ஒரு பக்கம் மட்டும் திருகியிருப்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

படி 1: அளந்து பாருங்கள். 10 மீட்டர் அகலமுள்ள காலித் தரை போதும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் வட்டமிடுங்கள். இடது முன்டயரின் வெளிவிளிம்பு போகும் தடத்தில் துணைக்கு நிற்பவர் ஏழெட்டு இடங்களில் சாக்பீஸால் குறிக்கட்டும். குறிகளுக்கிடையே கிடைக்கும் மிக நீண்ட தூரமே விட்டம். இடப்பக்கமும் இப்படியே. ஒரு சாண் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அரை மீட்டர் என்றால் ரேக் நடுவில் இல்லை.

படி 2: டை ராட் எண்டுகளை, அதாவது டை ராடின் வெளிமுனை மூட்டுகளைக் கழற்றுங்கள். பானெட் முன்பக்கமாக முழுதாகச் சாய்வதால் எல்லாம் கைக்கெட்டும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். நட்டைத் தளர்த்திய பின் மரையின் நுனியில் அடித்தால் மரை மழுங்கும். மூட்டு செருகியிருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் கண்ணுக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் தட்டினால் கூம்புப் பிடி விட்டுவிடும்.

படி 3: நடுவைக் கண்டுபிடியுங்கள். ஸ்டியரிங் வீல் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதி திருப்பி நிறுத்துங்கள். சக்கரங்களோடு சேர்த்து எண்ணினால், ரேக் முடியும் முன்பே வேறெதாவது தடுத்து கணக்கைக் கெடுக்கலாம். அதனால்தான் முதலில் கழற்றச் சொன்னது.

படி 4: ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர்களைப் பாருங்கள். எஞ்சின் முன்பக்கம் கசியும் எண்ணெய் பட்டு இவை ஊறிக் கொழகொழத்துப் போகும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்துக்கு முன் ரேக்கே பக்கவாட்டில் நகரும். ஸ்டியரிங்கில் ப்ளே (தளர்வு) என்று பலர் சொல்வது இதைத்தான். புது ரப்பர் போடும்போது யு போல்ட்டுகளை வெளிப்பக்கம் தள்ளி, ரப்பர் நன்கு அழுந்திய நிலையில் முறுக்குங்கள். கசிவை நிறுத்தாவிட்டால் மறுபடியும் ஊறும்.

படி 5: டை ராட் எண்டுகளை மாட்டி, லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரையை இருபுறமும் அளந்து சமமாக்குங்கள். ரேக்கின் முனையை மூடும் ரப்பர் உறையான பூட்டின் கிளிப்பை முதலில் தளர்த்துங்கள்; இல்லையென்றால் பூட் முறுக்கிக் கிழியும். வண்டியை இறக்கி, சிறிது தூரம் உருட்டிய பிறகு அலைன்மென்ட் பாருங்கள். முன்சக்கரங்கள் இணையாகவோ, அதிகபட்சம் 1.6 மி.மீ. உள்நோக்கியோ இருக்கலாம். இதற்காகத் திருகுவதும் இருபுறமும் ஒரே அளவு.

படி 6: இப்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால், அதைக் கழற்றி, தண்டின் பல்லில் இடம் மாற்றி நேராக மாட்டுங்கள். டை ராடைத் தொடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. ரேக்குக்கு கிரீஸ், அதுவும் கிரீஸ் கன்னில் நாலைந்து அழுத்தோடு சரி. அதிகமானால் பூட் வெடிக்கும். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த வெர்டிக்கல் லிங்கின் அடிமரை திருகியிருக்கும் ட்ரன்னியன் என்ற மூட்டுக்கோ கிரீஸே கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கிவிடும். துரு அரித்த வெர்டிக்கல் லிங்க் ஒருநாள் உடைந்து சக்கரம் அப்படியே மடிந்து விழும், பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுக்க ஒடிக்கும்போது. கிரீஸ் கன்னில் ஆயில் நிரப்பி, மேல்பக்கம் கசிந்து வரும்வரை செலுத்துங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, வண்டி நின்றே கிடந்தாலும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை.