ஒரே உரைக்கோப்பு, நான்கு வெளியீடு: படங்களை எந்த வடிவத்தில் வைப்பது?

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளைப் பற்றி ஒரு சிறு கையேடு தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி, மாங்குளம் எல்லாம் அதில் வருகின்றன. எழுதுவது மார்க்டவுனில், சாதாரண உரைக்கோப்பாக. அதிலிருந்து பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் நிரலை வைத்து வலைப்பக்கம், அச்சகத்துக்கு பிடிஎஃப், செல்போனில் படிக்க இபப், மெய்ப்புப் பார்ப்பவருக்கு வேர்டு கோப்பு என நான்கையும் எடுக்க வேண்டும். எழுத்து நான்கிலும் ஒழுங்காகத்தான் போய் உட்காரும். இழுத்தடிப்பது படங்கள்தான், ஏனென்றால் ஒவ்வொரு வெளியீடும் ஏற்றுக்கொள்ளும் வடிவங்கள் வேறு வேறு.

பிரவுசருக்கு ஜேபெக், பிஎன்ஜி, எஸ்விஜி (படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவே வைத்திருக்கும் வடிவம்), வலைக்கென்று வந்த வெப்பி எல்லாமே சரி. லேடெக் என்ற பக்கம் அமைக்கும் நிரல் வழியாகத் தமிழில் பிடிஎஃப் எடுக்க, அதன் வகைகளான ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வேண்டும். அவை ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎஃப் படங்களை வாங்கிக்கொள்ளும், வெப்பியைத் தொடாது, எஸ்விஜியையும் நேரடியாக எடுக்காது. (எஸ்விஜியை பாண்டாக்கே மாற்றிக் கொடுக்கும், ஆனால் அதற்கு ஆர்எஸ்விஜி-கன்வர்ட் என்ற நிரல் உங்கள் கணினியில் இருக்க வேண்டும்.) இபப்பில் ஜேபெக், பிஎன்ஜி, எஸ்விஜி போகும், வெப்பி 2023-இல் வந்த இபப் 3.3-இல்தான் சேர்ந்தது, பழைய வாசிப்புக் கருவிகளை நம்ப முடியாது. வேர்டுக்கு ஜேபெக்கும் பிஎன்ஜியும் போதும்.

இதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஜேபெக்காக மாற்றிவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களின் புகைப்படத்துக்கு ஜேபெக் பொருத்தம்தான். ஆனால் மாங்குளத்துத் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டைப் பார்த்து வரைந்த கோட்டோவியத்தை ஜேபெக்காகச் சுருக்கினால், கோடுகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள் படியும். ஒரு எழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே வாசிப்பை மாற்றும் இடத்தில், கல்லில் இல்லாத புள்ளியை நாமே வைத்துக் கொடுத்ததாகிவிடும். கோட்டோவியம், வரைபடம், நிலப்படம் எல்லாவற்றுக்கும் மூலம் எஸ்விஜியாகவே இருக்கட்டும். அதிலிருந்து இன்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரல் மூலம் ஒரு பிடிஎஃப், ஒரு பிஎன்ஜி எடுத்து, மூன்றையும் ஒரே பெயரில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உரைக்கோப்பில் கோட்டோவியத்தைச் சேர்க்கும்போது பெயரை மட்டும் எழுதுங்கள், புள்ளிக்குப் பின்னால் வரும் பின்னொட்டை எழுதாதீர்கள். பாண்டாக்கில் ‘டீஃபால்ட் இமேஜ் எக்ஸ்டென்ஷன்’ என்று ஒரு விருப்பம் உண்டு. பின்னொட்டு இல்லாத படங்களுக்கு எதைச் சேர்க்க வேண்டும் என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம். வலைக்கும் இபப்புக்கும் எஸ்விஜி, அச்சுக்கு பிடிஎஃப், வேர்டுக்கு பிஎன்ஜி. புகைப்படங்களுக்கு மட்டும் ஜேபெக் பின்னொட்டை முழுசாக எழுதிவிடுங்கள், அவை நான்கிலும் அப்படியே போகும். இந்த ஒரு ஏற்பாட்டால், உரையில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் நான்கும் வெளியே வரும். நான்கு கட்டளைகளையும் ஒரு மேக்ஃபைலில் (கட்டளைகளை எழுதிவைத்து ‘மேக்’ நிரலால் ஓட்டும் கோப்பு) எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

எஸ்விஜியில் தமிழ் எழுத்து இருந்தால் கவனம் தேவை. பக்கத்தில் படமாகச் சேர்க்கும் எஸ்விஜிக்கு உங்கள் வலைப்பக்கத்தின் எழுத்துரு கிடைக்காது; படிப்பவர் செல்போனில் என்ன இருக்கிறதோ அதில்தான் காட்டும், அதனால் ‘செட்டிப்புடவு’ என்ற பெயர் நிலப்படத்தில் பக்கத்துப் பாதையின் மேல் ஏறி நிற்கலாம். இன்க்ஸ்கேப்பில் எழுத்தை ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்துக் கோடாக மாற்றி, அந்த நகலை வெளியிடுங்கள். மூலத்தில் மாற்றக் கூடாது, அப்புறம் ஊர்ப் பெயரில் ஒரு கால் திருத்தக்கூட முடியாது. கோடாகிவிட்ட எழுத்தைத் தேடவும் முடியாது, திரைவாசிப்பானும் படிக்காது என்பதால், படத்துக்கு மாற்றுரையை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விளக்கத்தை, மறக்காமல் எழுதுங்கள்.

அளவை பிக்சலில் கொடுக்காதீர்கள், சதவீதத்தில் கொடுங்கள். பாண்டாக் 96 பிக்சலை ஒரு அங்குலமாக எடுத்துக்கொள்ளும். 600 பிக்சல் அகலம் என்று எழுதினால் அது 6.25 அங்குலம், ஆனால் ஏ5 தாளின் மொத்த அகலமே 5.83 அங்குலம்தான். 80 சதவீதம் என்று எழுதினால் எங்கே போனாலும் வரியின் அகலத்துக்கு ஏற்ப அமையும்.

புகைப்படத்தில் வேறு ஒரு சிக்கல்: அச்சுக்குப் பெரியது வேண்டும், செல்போனுக்குச் சின்னது போதும். 4.5 அங்குல அகலத்தில் அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1350 பிக்சல் வேண்டும். ஒரே பெயரில் பெரியதை ஒரு ஃபோல்டரிலும் சின்னதை இன்னொன்றிலும் போட்டு, ‘ரிசோர்ஸ் பாத்’ விருப்பத்தில் எந்த ஃபோல்டர் என்று சொல்லிவிடலாம். பிடிஎஃப், இபப், வேர்டு மூன்றுக்கும் இது வேலை செய்யும். சாதாரண வலைப்பக்கத்துக்குச் செய்யாது, அங்கே சின்னப் படங்களை நீங்களே பக்கத்தோடு சேர்த்து ஏற்ற வேண்டும். நண்பர்கள் எடுத்த படங்களை வாட்ஸப்பில் வாங்கினால், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அப்புறம் அச்சில் சிற்பத்தின் முகம் தெளியாது. ஐபோனிலிருந்து ஹெயிக் வடிவில் வருவதை முதலில் ஜேபெக்காக மாற்றுங்கள்.

கோப்புப் பெயர்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். கேமரா பல சமயம் பின்னொட்டைப் பெரிய எழுத்தில் போடும். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் அதை வேறு கோப்பாகவே பார்க்கும், உங்கள் லேப்டாப்பில் தெரிந்த படம் வலையில் காணாமல் போகும்.

வண்ண அச்சுக்கு அச்சகத்தில் சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நிறமுறை) கேட்டால் அதை அச்சு ஃபோல்டரின் நகலில் மட்டும் செய்யுங்கள், வலைக்கான படங்கள் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலேயே இருக்கட்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் உள்ள ‘பிடிஎஃப்-இமேஜஸ்’ நிரலை ‘லிஸ்ட்’ விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு புகைப்படமும் தாளில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சலில் விழுகிறது என்று வரிசையாகக் காட்டும். 300-க்கு வெகுவாகக் கீழே இருப்பதை மட்டும் எடுத்து, பெரிய கோப்பைப் போட்டு, மறுபடி ஓட்டுங்கள். கோட்டோவியங்கள் இந்தப் பட்டியலிலேயே வரக் கூடாது. வந்தால் பிடிஎஃப்புக்குப் பதில் பிஎன்ஜி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.