வீட்டோரச் சிலந்திகளில் விஷமுள்ளதை அடையாளம் காண்பது

அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. மனிதரை வருத்துவது வெகு சில. கோலாலம்பூர் வீடுகளில் சுவரோடு தட்டையாக ஒட்டி ஓடும் உள்ளங்கை அகலச் சிலந்தி வலை கட்டாது, கரப்பான் தின்னும். அதை அடிக்காதீர்கள், பாவம்.

தேட வேண்டியது பழுப்பு விதவைச் சிலந்தியை. இரவில் டார்ச் எடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிவிளிம்பு, பூச்சட்டிக் கழுத்து, செருப்பு அலமாரி, லோங்காங் (சாக்கடை) மூடி ஆகியவற்றைக் குனிந்து பாருங்கள். வலை ஒழுங்கில்லாமல் சிக்கலாக இருக்கும். குச்சியால் இழுத்தால் நூல் விறைத்து நிற்கும். பெண் சிலந்தியின் உடல் 1 செ.மீ. அளவு, கால்களில் கருப்புப் பட்டை. வயிற்றின் அடியில் உடுக்கை வடிவில் ஆரஞ்சுக் குறி. ஆனால் அது தலைகீழாகத் தொங்கும்போதுதான் குறி தெரியும். அதனால் முதலில் முட்டைப்பையைத் தேடுங்கள்: குட்டி ஊமத்தங்காய் போல, சுற்றிலும் முள். இது ஏமாற்றாது.

தடித்த கையுறை போட்டு, குச்சியில் வலையோடு சுருட்டி, சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சிலந்திக்கு மட்டும் மருந்தடித்தால் பைக்குள் சரியாக இறங்காது. ஒரு பையிலேயே நூற்றுக்கு மேல் முட்டை இருக்கலாம்.

கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வையுங்கள். கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். தசைப்பிடிப்பு, வியர்வை, வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; மூச்சுத் திணறினால் 999 அவசர எண்ணை அழையுங்கள். குழந்தை என்றால் காத்திருக்கவே கூடாது.