எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டையும் ஒரே நாளில்

சென்னைக்குப் பள்ளிச் சுற்றுலா வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிழமையை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான். பஸ் பேசிய பிறகு இது தெரிந்தால் என்ன பயன்?

எழும்பூரைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். 1851-இல் தொடங்கிய இடம், கூடங்கள் பல. எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் பிள்ளைகள் எதையும் பார்க்க மாட்டார்கள். அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் போதும் என்பேன். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நிறுத்தி, "கைகள் எத்தனை?" என்று கேளுங்கள். சிவன் பக்கம் இரண்டு, அம்மை பக்கம் ஒன்று. எண்ணத் தொடங்கிவிட்டால் இடுப்பின் வளைவும் ஆடையின் வேறுபாடும் தாமாகவே கண்ணில் படும். விளக்கத்தை அதற்குப் பிறகு சொல்லலாம்.

மதியம் கோட்டை. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ளே இயங்குவதால் வாசலில் சோதனை உண்டு. சட்டமன்றத்தைப் பார்க்க விரும்பினால் பள்ளியின் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மாணவர் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டைகள் கையில் இருக்கட்டும். அனுமதி கிடைக்காவிட்டாலும் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியை அங்கே கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள்.