நெஞ்சு வலி வந்தா "கேஸா இருக்கும்"னு உட்கார்ந்துடாதீங்க

ஹார்ட் அட்டாக் வந்தவங்களைக் காப்பாத்த இன்னைக்கு நல்ல வைத்தியம் இருக்கு, ஆனா நேரம் வீணாப்போறது பெரும்பாலும் வீட்லயேதான். "கேஸ் பிடிச்சிருக்கும், ஒரு மாத்திரை போட்டுட்டு படு, காலைல பாத்துக்கலாம்" இந்த ஒரு பேச்சு எத்தனை குடும்பத்தைக் கவுத்திருக்குன்னு நினைச்சா வயிறு எரியுது. அதனாலதான் மொதல்ல வலி வந்தா என்ன செய்யணும்னு சொல்லிட்டு அப்புறமா வராம பாத்துக்கறதுக்குப் போறேன்.

இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாயோட சுவத்துல வருஷக்கணக்கா கொழுப்பு படிஞ்சுகிட்டே வரும், ஒருநாள் அந்தப் படிவு வெடிச்சு அது மேல ரத்தம் கட்டியா உறைஞ்சு குழாய அடைச்சிடும், அடைச்ச அரைமணி நேரத்துலயே இதயத் தசை சாக ஆரம்பிக்கும், செத்த தசை திரும்ப வராது. ஆஸ்பத்திரில நுழைஞ்ச 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி, முழு அடைப்புன்னா 90 நிமிஷத்துக்குள்ள ஆஞ்சியோ பண்ணி குழாயத் திறக்கணும்னு டாக்டர்ங்க நிமிஷக் கணக்கு வெச்சு ஓடறாங்க, நாம ராத்திரி பூரா பொறுத்துட்டு விடிஞ்சதும் போனா அவங்க ஓடி என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

வலி எப்படி இருக்கும்? ஊசி குத்துற மாதிரி சுருக்குனு இருக்கும்னுதான் நிறைய பேர் நினைக்கறாங்க. நடு நெஞ்சுல யாரோ பாறாங்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி ஒரு அழுத்தம், இறுக்கம், எரிச்சல், இப்படித்தான் பெரும்பாலும் வரும், அது இடது கை, ரெண்டு தோள்பட்டை, தாடை, கழுத்து, முதுகு, மேல் வயிறுன்னு எங்க வேணா பரவும். கூடவே சில்லுனு வேர்த்து ஊத்தறது, மூச்சு வாங்கறது, குமட்டல், தலை சுத்தல். சுகர் இருக்கறவங்க, வயசானவங்க, பெண்கள் இவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம வெறும் மூச்சுத் திணறலும் அசதியுமா கூட வரலாம், அதனால வலி இல்லையேன்னு விட்றாதீங்க. மாடிப்படி ஏறினா நெஞ்சு இறுகுது, நின்னா விட்டுடுதுன்னா அதுவும் எச்சரிக்கைதான், அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அதே இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தா எமர்ஜென்சி.

இப்படி வந்து 5 நிமிஷத்துல அடங்கலைன்னா, வேர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தா அந்த 5 நிமிஷமும் பாக்காம, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வலி வந்தவங்களே வண்டி ஓட்டிட்டு கிளம்பக் கூடாது, வழில மயக்கம் போட்டா ரோட்ல இருக்கறவங்களுக்கும் ஆபத்து. நடக்க விடாதீங்க, சாய்ஞ்சு உட்கார வைங்க, சட்டைய தளர்த்துங்க. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் ஒண்ணு மென்னு முழுங்கறது உதவும், ஆனா ஆஸ்பிரின் அலர்ஜி, வயித்துல ரத்தக்கசிவு இருந்தவங்களுக்கும், வாய் கோணி, கை கால் இழுத்து பக்கவாதம் மாதிரி தெரிஞ்சாலும் கொடுக்கவே கூடாது, சந்தேகமா இருந்தா ஆம்புலன்ஸ்காரங்ககிட்டயே கேட்டுக்கோங்க. ஆஸ்பத்திரில மொத ஈசிஜி நார்மல்னு வந்ததும் கிளம்பிடாதீங்க, ஆரம்பத்துல ஈசிஜில தெரியாத அட்டாக்கும் உண்டு, அதுக்குத்தான் சில மணி நேரம் வெச்சு திரும்ப ஈசிஜியும், இதயத் தசை பாதிச்சிருக்கான்னு காட்டற ட்ரோபோனின் ரத்த டெஸ்டும் எடுக்கறாங்க.

ஆள் சுருண்டு விழுந்து, கூப்பிட்டா அசைவில்ல, மூச்சும் சரியா இல்லைன்னா ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டு உடனே நடு நெஞ்சுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, 5 சென்டிமீட்டராவது உள்ள போற மாதிரி அழுத்துங்க, ஆம்புலன்ஸ்காரங்க வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. பலமா இருமினா அட்டாக்லேர்ந்து தப்பிச்சிடலாம்னு போன்ல ஒரு செய்தி சுத்திகிட்டே இருக்கு, அதை நம்பி இருமிகிட்டு நேரத்தப் போக்காதீங்க, யாருக்கும் அனுப்பவும் செய்யாதீங்க.

சரி, வராம பாத்துக்கறது. 2004ல இன்டர்ஹார்ட்னு 52 நாட்டுல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, மொத அட்டாக்குக்கான ஆபத்துல பெரும்பகுதி வெறும் ஒன்பது விஷயத்துலயே அடங்கிடுதுன்னு அதுல தெரிஞ்சுது, அதுல புகையும் கெட்ட கொழுப்பும்தான் மேல நிக்குது, பிபி, சுகர், தொப்பை, மன அழுத்தம் எல்லாம் பின்னாடியே வருது. இதுல பெரும்பாலானதை நம்மளால மாத்த முடியும்ங்கறதுதான் எனக்கு பெரிய ஆறுதல். சிகரெட்ட விட்டு ஒரு வருஷத்துல அதனால வந்த கூடுதல் ஆபத்து கிட்டத்தட்ட பாதியா குறையுது, வேற எந்த ஒரு மாத்தமும் இவ்வளவு சீக்கிரம் பலன் தராதுன்னுதான் நான் சொல்வேன்.

பிபிய ஒழுங்கா பாக்கறவங்க ரொம்ப கம்மி. அரைமணி நேரம் முன்னாடியே காபி, சிகரெட் நிறுத்திடணும், பாத்ரூம் போயிட்டு வந்து 5 நிமிஷம் சாய்ஞ்சு சும்மா உட்காரணும், கால் மேல கால் போடக் கூடாது, கைய மேஜைல நெஞ்சு உயரத்துக்கு வெச்சு, பட்டைய சட்டை மேல இல்லாம தோல் மேலயே கட்டணும், பேசக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை எடுத்து ரெண்டையும் தேதியோட எழுதி வைங்க. இப்படி எடுத்தும் திரும்பத் திரும்ப 140க்கு 90 தாண்டுச்சுன்னா தலைவலி எதுவும் இல்லைன்னாலும் டாக்டரைப் பாக்கணும், பிபி பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

சுகரும் கொழுப்பும் ரத்த டெஸ்ட்ல பாத்துடலாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65க்கு முன்னாடி அட்டாக் வந்திருந்தா சீக்கிரமே ஆரம்பிங்க, கர்ப்பத்துல பிபி, சுகர் வந்த பெண்களும் அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி, வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை. நடக்க வெச்சு இதயத்தைப் பாக்கற ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல்னா இனி அட்டாக்கே வராதுன்னு அர்த்தமில்ல, குழாய பாதி கூட அடைக்காத படிவும் திடீர்னு வெடிக்கலாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தா நம்பர் சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, சரியானதே அந்த மாத்திரையாலதான். ஸ்டென்ட், அதாவது அடைச்ச குழாயத் திறந்தே வைக்கற சின்ன வலைக்குழாய், வெச்சவங்க ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய ஒருநாள் கூட தானா விடக் கூடாது, பல் புடுங்கப் போனா கூட ஸ்டென்ட் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடறேன்னு மொதல்லயே சொல்லிடுங்க.