புதிய அதிபர் தம் கட்சி முன்னவர்களின் திட்டங்களைத் தொடர்கிறாரா? நாமே கண்டறியும் முறை

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறு மாலைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுடன் உட்கார்ந்து உலக அரசியல் பேசுவது என் வழக்கம். அமெரிக்க அதிபரைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், "அதே கட்சிதானே சார், பழையவர் செய்ததைத்தானே இவரும் செய்வார்?" என்ற கேள்வி தவறாமல் எழும். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடாமல், அதை அவர்களே கண்டறிவதற்காக நான் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். இதற்கு ஒரு கோடு போட்ட நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில், எந்த முன்னவரோடு ஒப்பிடுகிறோம் என்பதை நோட்டின் தலைப்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 1977இல் ஜிம்மி கார்ட்டர் பதவியேற்றபோது, அவருக்கு முந்தைய ஜனநாயகக் கட்சி அதிபரான லிண்டன் ஜான்சன் பதவியை விட்டு இறங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இடைவெளியில் நாட்டின் சிக்கல்களே வேறாகியிருந்தன. அடுத்து, அந்த முன்னவரின் புகழை எழுதாமல் அவர் உண்மையில் செய்ததை எழுத வேண்டும். புதிய வரிகள் இல்லை என்று 1988இல் வாக்குக் கொடுத்த மூத்த புஷ், 1990இல் வருமான வரியின் உச்ச விகிதத்தை 28இலிருந்து 31 விழுக்காடாக உயர்த்தியபோது, தமக்கு முன் அதிபராக இருந்த ரீகனின் வழியிலிருந்து விலகிவிட்டார் என்று அவருடைய கட்சியினரே கொதித்தார்கள். ஆனால் அந்த ரீகனும் 1982இல் வரிகளை உயர்த்திய சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டவர்தாம். புஷ் தம் வாக்கை மீறினார் என்பது சரி. ரீகனை மீறினார் என்று எழுதுவதற்கு முன் இரண்டாவது முறை யோசிக்க வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது ஆட்களைப் பார்த்து முடிவு கட்டும் இடத்தில்தான். பழைய அமைச்சர்கள் நீடித்தால் பழைய கொள்கையும் நீடிக்கும் என்று எண்ணுகிறார்கள். நம் மாநில வரலாறே இதற்கு மறுப்பு. சேலம் நகராட்சித் தலைவராக இருந்து, பின்னர் முதலமைச்சரான ராஜாஜி 1953இல் கொண்டுவந்த, குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் பெயர் சூட்டிய கல்வித் திட்டத்தை, 1954 ஏப்ரலில் அவருக்குப் பின் வந்த காமராஜர் வந்த கையோடு கைவிட்டார். இருவரும் ஒரே கட்சி. தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே காமராஜர் அமைச்சராக வைத்துக்கொண்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது: ஆள் நீடித்தார், திட்டம் நீடிக்கவில்லை. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1945 ஏப்ரல் 12 அன்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இறந்ததும் பதவிக்கு வந்த ட்ரூமன், ஓராண்டுக்குள் அவருடைய அமைச்சர்களில் பெரும்பாலோரை மாற்றிவிட்டார். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய 21 அம்சச் செய்தியில், ரூஸ்வெல்ட் விட்டுச்சென்ற பாதையிலேயே மேலும் நடந்தார். (அங்கே நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர், நம் ஊரில் அப்படி எழுதினால் கட்சி என்று குழம்புவார்கள் என்பதால் நாடாளுமன்றம் என்றே எழுதுகிறேன்.)

எனவே ஆட்களை விட்டுவிட்டு, மூன்று அல்லது நான்கு திட்டங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மருத்துவக் காப்பீட்டை எடுத்துக்கொண்டால் அந்தப் பக்கம் இப்படி நிரம்பும். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் அதைச் சேர்க்காமல் ஒதுக்கினார். 1945 நவம்பரில் ட்ரூமன் அனைவருக்குமான காப்பீட்டைக் கேட்டார், கிடைக்கவில்லை. கென்னடி அதை முதியோருக்கு மட்டும் என்று சுருக்கிக் கேட்டும், 1962இல் செனட் சபை 52க்கு 48 என்ற வாக்குகளில் அதைக் கிடப்பில் போட்டது. ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று மெடிகேர் எனப்படும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்காக மிசௌரி மாநிலத்தில் ட்ரூமனின் ஊருக்கே சென்று, 81 வயதான அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கையெழுத்திட்டு, முதல் உறுப்பினர் அட்டையையும் அவரிடமே கொடுத்தார். கட்சியின் திட்டம் தலைமுறை தாண்டி வந்ததற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

அதே பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு கணக்கும் எழுத வேண்டும். கென்னடியால் முடியாதது ஜான்சனால் எப்படி முடிந்தது? ஜான்சனின் சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். 1964 தேர்தலுக்குப் பின் அவருடைய கட்சிக்குச் செனட்டில் 68 இடங்களும் பிரதிநிதிகள் சபையில் 295 இடங்களும் இருந்தன. ஒரு திட்டம் நின்றுபோனால், அதிபருக்கு மனம் இல்லையா, சபையில் எண்ணிக்கை இல்லையா என்று பிரித்துப் பார்க்காமல் அவரைக் குறை கூறக் கூடாது.

தீர்ப்புக்கு நான் நான்கே சொற்களைப் பயன்படுத்துகிறேன்: தொடர்ந்தார், வளர்த்தார், திருப்பினார் (அதாவது திசை மாற்றினார்), கைவிட்டார். தியோடர் ரூஸ்வெல்ட் (மேலே வந்த பிராங்க்ளின் அல்ல, அவருக்கும் முந்தைய அதிபர்) தாமே தேர்ந்தெடுத்த வாரிசான டாஃப்ட், ஏகபோக நிறுவனங்கள்மீது ரூஸ்வெல்ட் ஏழரை ஆண்டுகளில் தொடுத்ததைவிட அதிகமான வழக்குகளை நான்கே ஆண்டுகளில் தொடுத்தார். 'வளர்த்தார்' என்றுதான் எழுத வேண்டும். ஆயினும் 1912இல் ரூஸ்வெல்ட் அவரை எதிர்த்துப் போட்டியிட்டார், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகளில் டாஃப்டுக்கு 8 மட்டுமே கிடைத்தன. தலைவர்கள் பகைத்துக்கொண்டதால் திட்டமும் முறிந்தது என்று நானே ஒருமுறை வகுப்பில் தவறாகச் சொல்லி, மறு வாரம் திருத்திக்கொண்டேன். மிகவும் வழுக்கும் இடம் வியட்நாம் போர். கென்னடி கொல்லப்பட்ட ஐந்தாம் நாள் "தொடர்வோம்" என்று ஜான்சன் நாடாளுமன்றத்தில் சொன்னபோது, வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவத்தினர் ஏறத்தாழ 16,000 பேர். 1968இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். இதை 'வளர்த்தார்' என்று எழுதுவதா, 'திருப்பினார்' என்று எழுதுவதா என்பதில் எங்கள் வகுப்பு இன்றுவரை இரண்டாகத்தான் நிற்கிறது. நான் இரண்டாவது பக்கம்.

அடுத்து ஒரு சோதனை. எதிர்க்கட்சிக்காரர் வந்திருந்தாலும் இது நீடித்திருக்குமா என்று கேளுங்கள். உருக்காலை உள்ள ஊரில் இருக்கும் நமக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குடியரசுக் கட்சியின் ட்ரம்ப் 2018இல் இறக்குமதி உருக்கின்மீது விதித்த 25 விழுக்காடு வரியை, ஜனநாயகக் கட்சியின் பைடன் சில நாடுகளுக்கு மட்டும் தளர்த்திவிட்டுப் பொதுவில் வைத்துக்கொண்டார். இப்படிக் கட்சி மாறியும் நீடிப்பவற்றைக் கட்சி விசுவாசத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. தனிப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

கடைசியாக, எப்போது தீர்ப்பு எழுதுவது? ஏற்காட்டில் காப்பித் தோட்டம் கைமாறினால், புதியவர் முதல் ஆண்டில் பறிக்கும் பழம் பழையவர் நட்ட செடியின் பழம்; காப்பிச் செடி காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், மேலே நிழல் தரும் சில்வர் ஓக் மரமோ அதற்கும் முந்தையது. அதிபரும் அப்படித்தான்: ஜனவரி 20 அன்று பதவியேற்பவர் செப்டம்பர் 30 வரை முன்னவர் காலத்து நிதியாண்டில்தான் செலவு செய்கிறார், அக்டோபர் 1 அன்றுதான் அவருடைய முதல் நிதியாண்டு தொடங்குகிறது. அதுவரை நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். இரண்டாவது பட்ஜெட்டும் வந்தபின், எந்தத் திட்டத்துக்குப் பணம் கூடியது, எதற்குச் சொல்லாமல் குறைந்தது என்று பார்த்து, நான்கு சொற்களில் ஒன்றைப் பேனாவால் எழுதுங்கள்.