பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து செய்ய வேண்டியவை

குழந்தை பெற்ற இளம் தாய்மார்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் திட்டம் ஒன்றைப் பல வருடம் ஒருங்கிணைத்தேன். ஆய்வில் பலன் நிரூபணமான திட்டம். மூன்று நாள் பயிற்சி கொடுத்தோம், தடிமனான கையேடும் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து ஒரு களப்பணியாளரோடு போனேன். கையேடு பையை விட்டு வெளியே வரவில்லை. படிவத்தை நிரப்பிவிட்டுப் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தாய் திடீரென்று அழுதால் என்ன செய்வதென்று நாங்கள் ஒருநாளும் அவருக்குச் செய்து காட்டவில்லை.

ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் 2002இல் ஒரு மதிப்பீடு தந்தார்கள். விளக்கம், செயல்விளக்கம், ஒத்திகை எல்லாம் இருந்தும், கற்றதை வகுப்பறையில் கையாள்பவர்கள் சுமார் 5 சதவீதம்தான். வகுப்பறையிலேயே ஒருவர் கூட இருந்து வழிகாட்டினால் அது 95 சதவீதம் வரை போகும். எங்களுக்கு விட்டுப்போனது இதுதான்.

இப்படி ஒரு திட்டத்தை நடத்துகிறீர்கள் என்றால் முதலில், எதை எடுத்துவிட்டால் திட்டமே இல்லாமல் போகும் என்று பாருங்கள். அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள். 'தாயோடு நல்லுறவு வளர்க்கவும்' என்பது யாருக்கும் உதவாது. 'போன வாரம் எதை முயன்று பார்த்தீர்கள் என்று கேளுங்கள், அவர் பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்' என்று எழுதினால் செய்ய முடியும்.

அப்புறம் கூடப் போங்கள். புதியவரோடு முதல் மாதம் வாரம் ஒரு வீடு, பிறகு மாதம் ஒன்று. அந்த வீட்டில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. வெளியே வந்ததும் முதலில் அவர் சொல்லட்டும், எது சரியாக வந்தது, எங்கே தடுமாறினேன் என்று. பிறகு நீங்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஐந்து சொன்னால் ஐந்தும் போய்விடும். தடுமாறிய இடத்தை அங்கேயே, தெருவில் நின்றபடியே, நீங்கள் தாயாக இருந்து நடித்துப் பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் இதைப்போல வேறெதுவும் பலன் தந்து நான் பார்த்ததில்லை.

இதற்கான நேரம் மேற்பார்வையாளரின் வேலை நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அவர் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகளைக் குறைக்காமல் இதையும் சேர்த்தால் இரண்டே மாதத்தில் நின்றுபோகும். நிர்வாகத்திடம் இதற்காகச் சண்டை போடுங்கள், நான் போட்டேன்.

மாற்றம் செய்யும் ஆசை சீக்கிரமே வரும். முதலில் எழுதியபடி செய்து பாருங்கள். பிறகு ஒரே ஒரு பணியாளர், இரண்டு வீடு, இரண்டு வாரம் என்று சின்னதாகச் சோதியுங்கள். பலன் தெரியவில்லை என்றால் திட்டத்தைக் குறை சொல்வதற்கு முன், அது அந்த வீட்டில் உண்மையில் நடந்ததா என்று விசாரியுங்கள்.

திட்டங்கள் களத்தில் எப்படி நடைமுறைக்கு வருகின்றன என்று ஆராய்ந்த ஃபிக்சன் குழுவின் 2005 ஆய்வுத் தொகுப்பு, ஒரு திட்டம் முழுமையாக வேரூன்ற 2 முதல் 4 வருடம் ஆகும் என்கிறது. எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. இரண்டாம் வருட முடிவில் அதே பணியாளரோடு மறுபடி போனேன். அந்தத் தாய் அழுதார். இவர் படிவத்தை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.